ஜேர்மன்காரர் குடியேறிய ஊரில் ஜேர்மன் அத்தான்

கைலேஞ்சியின் நுனியில் எச்சில் தொட்டு, ஒரு கல்லறைக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஜேர்மன் அத்தான். சாம்பல் நிறப் பாசிக்கு அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. நான் அவருக்குப் பின்னால் ஐஸ்கிறீமும் கையுமாக நின்றேன். இடுகாட்டில் ஐஸ்கிறீம் சாப்பிடலாமா கூடாதா என்று நம் சமயத்தில் ஏதாவது விதி இருக்குமோ என்ற யோசனை எனக்கு. அது உருகி முழங்கை வரைக்கும் வழிந்துவிட்டதால் யோசனையை நீட்ட வசதிப்படவில்லை, நக்கிக்கொண்டேன். அப்போதுதான் அத்தான் குந்தியிருந்தபடியே தலையைத் திருப்பி, "தம்பி, உவங்கள் இதை ஏன் இன்னும் எடுக்கேல்ல?" என்று கேட்டார். இருநூறு வருடமாக அந்த இடத்தில் நிற்கிற கல்லைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி. வழக்கம்போலப் பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்த சிரிப்பு அது.

அவரை ஏன் ஜேர்மன் அத்தான் என்று சொல்கிறோம் என்று விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, நாடுதான் உண்டு. லண்டன் மாமி, பாரிஸ் சித்தப்பா, சுவிஸ் மச்சான் என்று, எவரெவரை எந்தெந்த நாடு கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டதோ அந்த நாடே அவருக்குப் பெயராகிவிட்டது. அக்காவைக் கட்டியவர் ஜேர்மனியில் அகதியாக இறங்கினார், ஜேர்மன் அத்தான் ஆனார். என்னைக் குடும்பத்தில் கனடாக் குகன் என்பார்கள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ரொறன்ரோவில் கல்லெறிந்தால் ஒரு கனடாக் குகன் மேல்தான் விழும்.

தொழில், வீடு விற்பது. இங்கே தமிழ் ஆட்களில் பாதிப் பேர் வீடு விற்கிறவர்கள், மற்றப் பாதிப் பேர் அவர்களிடம் வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள். மார்க்கம் வீதியோரத்துப் பஸ் தரிப்பில் சனம் குந்துகிற வாங்குகளில் என் முகத்தையும் பெயரையும் பெரிதாக அடித்து ஒட்டியிருக்கிறேன். சனங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என் முகத்தில்தான் சாய்வார்கள். ஒரு முறை பார்த்துவிட்டு அத்தான் முகம் சுளித்தார். "பேரை உப்பிடிக் கண்ட கண்ட இடமெல்லாம் எழுதுறது சரியில்லைத் தம்பி" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா அந்த நாட்களில் ரொறன்ரோவுக்கு வடக்கே யூனியன்விலில், மகளின் வீட்டில் இருந்தாள். என் மருமகள் ஜேர்மனியில் பிறந்து வளர்ந்து, இங்கே ஒரு பொடியனைக் கலியாணம் முடித்து வந்தவள். அவளுக்குப் பிள்ளைகள் பிறந்ததும் அக்கா பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை. அத்தான்தான் வருவதும் போவதுமாக இருந்தார். வந்தால் ஒரு மாதம் நிற்பார். பிறகு பல்லு வைத்தியரிடம் போக வேண்டும் என்பார், வீட்டு ஹீற்றர் உறைந்துவிடும் என்பார், ஓய்வூதியக் கந்தோரில் அலுவல் என்பார், ஏறிப் போய்விடுவார். கனடாவில் பல்லுக்கும் ஹீற்றருக்கும் ஆட்கள் இல்லையா என்ன? குடும்பத்தில் மெல்ல மெல்ல ஒரு கதை பரவியது. அங்கே யாரோ இருக்கிறாள். லண்டன் மாமி அந்தப் பெண்ணுக்குத் தலைமயிர் நிறம்கூடச் சொன்னாள்.

அக்காவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அந்தக் கோடையில் அவர் வந்திருந்தபோது அவள் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள்: "இந்தமுறை போறதெண்டால் போங்கோ. ஆனால் பேந்து திரும்பி இந்த வீட்டு வாசலுக்கு வரக்கூடாது. போனிலயும் என்னோட கதைக்கக்கூடாது." அக்கா பகிடிக்கும் அப்படிப் பேசுகிறவள் அல்ல. வீட்டில் பகிடிக்கென்று இருந்த பங்கு முழுவதையும் நானே எடுத்துக்கொண்டதால் அவளுக்கு மிச்சம் எதுவும் கிடைக்கவில்லை. அத்தானின் பயணத்துக்கு ஒரு கிழமை இருந்தது. அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "உலகத்துக்கெல்லாம் வீடு விக்கிறாய், உந்த மனுசனுக்கு இந்த ஊரை விக்க ஏலாதோ? கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. மனம் மாறுதோ பாப்பம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் எதுவும் வெட்டவில்லை.

எனக்கு உடனே ஒரு யோசனை பளிச்சிட்டது. யூனியன்வில் இருக்கிற இந்தப் பகுதி முழுவதும் முதல் முதலாகக் குடியேறியவர்கள் ஜேர்மன்காரர்தான். ஜேர்மனியை விட்டு வர மாட்டேன் என்கிறவருக்கு, இதோ இங்கேயும் ஒரு ஜேர்மனி என்று காட்டினால் முடிந்தது அலுவல். இப்படியான புத்திதான் என்னை இந்தத் தொழிலில் வைத்திருக்கிறது.

காரில் போகும்போதே வரலாற்றை அவிழ்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தெருவோரத்துத் தகடுகளில் வாசித்த வரலாறுதான், ஆனால் குரலை உயர்த்திச் சொன்னால் படித்தவன் மாதிரி இருக்கும். கடல் கடந்து நியூயோர்க் பக்கம் வந்து இறங்கிய ஜேர்மன் குடும்பங்கள், அங்கே சரிவராமல், காணி தருகிறோம் என்று ஆளுநர் கொடுத்த வாக்கை நம்பி இந்தப் பக்கம் ஏறி வந்தார்கள். அப்போது இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் காடு. ஊருக்கு வர றோட்டு இல்லாததால் தாங்களே மரம் தறித்து வழி வெட்டினார்கள். யங் வீதி என்று நாங்கள் இன்றைக்கு ஊர்ந்து போகிற வீதியில் அவர்களுடைய கோடரி விழுந்திருக்கிறது. ஆலை கட்டினார்கள், பட்டினி கிடந்தார்கள், பனியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். காணி உறுதிப் பத்திரம் மட்டும் கைக்கு வராமல் வருடக்கணக்காக இழுபட்டது. கூட்டி வந்த தலைவர் எல்லாவற்றையும் இழந்து வேறெங்கோ போய்ச் செத்தார்.

"எங்கட கேஸ் இழுபட்ட மாதிரித்தான்" என்றார் அத்தான். "அவங்களுக்கும் விசாரணைக்குத் திகதி குடுக்கேல்லப் போல."

"நல்ல லோயர் பிடிக்கத் தெரியேல்ல அத்தான். இப்ப எண்டால் ஸ்காபரோவில எங்கட ஆக்களே செய்து குடுப்பினம்."

பிரதான வீதியில் காரை விட்டுவிட்டு நடந்தோம். பலகை வீடுகள், வளைந்த தாழ்வாரங்கள், தூக்குச் சட்டிகளில் பூ, பாட்டுக்காரருக்கு ஒரு மேடை, சரிவில் இறங்கினால் பழைய ஆலைக்குத் தண்ணீர் தேக்கிய குளம், குளத்தைச் சுற்றி வாத்துகளும் வாத்துகள் செய்கிற அசிங்கமும். எங்கள் சமூகத்துக் கலியாண அல்பங்களும், பெண் பிள்ளை பெரியவளாகிற சாமத்திய வீட்டு அல்பங்களும் பாதிக்குப் பாதி இந்த வீதியில்தான் பிறக்கின்றன. அன்றைக்கும் ஒரு பிள்ளை பச்சைச் சேலையோடு, தலை நிறைய நகையோடு, ஒரு ஜேர்மன்காரன் வீட்டுப் படியில் நின்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். படக்காரர், "கொஞ்சம் சிரி பிள்ளை, ஏதோ பல்லுப் புடுங்க வந்த மாதிரி நிக்கிறாய்" என்று கத்தினார். அத்தான் ரசித்தார். ஐஸ்கிறீம் கடை வரிசையில் நின்ற ஒரு முதிய பெண்மணி, தன் குடும்பம் அந்தக் காலத்தில் வந்த ஜேர்மன் குடும்பங்களில் ஒன்று என்று சொன்னதும், அத்தான் முதுகை நிமிர்த்தி ஜேர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். அந்த அம்மா புன்னகையோடு கேட்டு முடித்துவிட்டு, ஆங்கிலத்தில், உங்களுக்கு நல்ல நாளாக அமையட்டும் என்றார். அவருக்கு ஜேர்மனில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

நான் அத்தானுக்காகச் சங்கடப்பட்டேன். அவர் சங்கடப்படவில்லை. "ஆக்கள் இருக்கினம், பாசை போட்டுது" என்றார் சாதாரணமாக. பிறகு, "அவையின்ர பழைய சவக்காலை ஒண்டு பக்கத்தில இருக்குதாம், உந்த அம்மா சொன்னவ. பாப்பமே?" என்றார். ஊர் காட்ட வந்த இடத்தில் சவக்காலையைக் கேட்கிற வாடிக்கையாளர் எனக்கு அதுதான் முதல். இருந்தாலும் கூட்டிப் போனேன்.

அப்படித்தான் எச்சிலும் கைலேஞ்சியுமாக அவர் அந்தக் கல்லின் முன்னால் குந்தினார். சின்னக் கல். இங்கே இளைப்பாறுகிறது என்று ஜேர்மனில் தொடங்கி, ஒரு குழந்தையின் பெயரோடு நின்றது. ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று அவர் கேட்டதற்கு, "கல்லறையை ஆர் அத்தான் எடுக்கிறது?" என்றேன்.

"நகரசபைதான். அங்கை எங்களுக்கு நிலம் தவணைக்குத்தானே தாறது. தவணை முடிஞ்சால் கல்லில ஒரு ஸ்ரிக்கர் ஒட்டுவாங்கள், கந்தோருக்கு வா எண்டு. நாங்கள் போய்ப் புதுப்பிக்காட்டில் கல்லைத் தூக்கி, மட்டம் தட்டி, புல்லு விதைச்சுப்போட்டு, அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவாங்கள். இஞ்ச பாரும், இந்தக் குஞ்சுக்கு எத்தினை தலைமுறையா ஒருத்தரும் வந்திருக்காயினம். ஆனாலும் விட்டு வைச்சிருக்கிறாங்கள்."

நான் வீடு விற்கிறவன். எத்தனையோ விதமான குத்தகை பார்த்திருக்கிறேன். செத்தவனை வீட்டுக்காரன் எழுப்புகிற குத்தகையைக் கேள்விப்பட்டதில்லை. உண்மையாகவே வாய் பிளந்தேன். ஆனால் என் வாய் பிளந்தால் அதற்குள்ளிருந்து பகிடிதான் வரும். அது பிறவிக் குறை. "உந்த விபரமெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும் அத்தான்? ஆரையேன் அங்கை தாட்டு வைச்சிருக்கிறீங்களோ?" என்றேன்.

அத்தான் சிரிக்கவில்லை. கைலேஞ்சியை நாலாக மடித்தார். "ஓம்" என்றார்.

வாத்துக் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அவர் காத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அக்காவுக்கு முதல் பிறந்தது பெடியன். நாங்கள் அப்ப அகதி முகாமில இருந்தனாங்கள். உங்கட அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், அதால ஊருக்கு அறிவிக்கேல்ல. பிள்ளைக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாயிருந்தது, ஆஸ்பத்திரியில வைச்சிருந்தாங்கள், தப்பேல்ல. முப்பத்தொண்டும் முடியேல்ல."

எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். பச்சைக் குழந்தைகளை எரிப்பதும் இல்லை, தாட்டுவிடுவார்கள். அடையாளத்துக்குக் கல்லும் வைப்பதில்லை. பெண்கள் சுடலைக்குப் போவதும் இல்லை. அக்கா முகாம் அறையில் இருந்தாள். அத்தானும் அறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொடியனும்தான் பெட்டியைக் கொண்டுபோனார்கள். எனக்கு ஒரு மருமகன் இருந்திருக்கிறான், அது தெரியாமல் நான் அரைக் கிழவனாகிவிட்டேன் என்பதையே என் மூளை இன்னும் விழுங்கி முடிக்கவில்லை. அத்தான் தொடர்ந்தார்.

"கந்தோரில இருந்த மனிசி பேரைக் கேட்டா. பேர் வைக்கேல்ல எண்டன். பேரில்லாமல் புதைக்க ஏலாது எண்டா. எனக்கு அப்ப பாசையும் வடிவாத் தெரியாது, தலையும் வேலை செய்யேல்ல. உம்மட அக்கா அந்த நாளையில வாயைத் திறந்தால் உம்மட கதைதான். குகன் இப்ப பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பான், குகனுக்கு ஆர் தலை இழுத்து விடுறது, குகன் அழுவான். எனக்கு வேற பேர் வாயில வரேல்லத் தம்பி. உம்மட பேரைச் சொல்லிப்போட்டன். அவை கல்லில வெட்டிப்போட்டினம்."

வாங்குகளில், மாத சஞ்சிகைகளில், குளிர்பெட்டியில் ஒட்டுகிற காந்தத் தகட்டில் என்று பெயரைப் போடாத இடமில்லை நான். அதே பெயர் ஜேர்மனியில் ஒரு கல்லறைக் கல்லில் நிற்கிறது. முன்னூறு பகிடிகள் செய்யக்கூடிய இடம். ஒன்றும் வரவில்லை. ஐஸ்கிறீம் கோன் எப்போது கீழே விழுந்தது என்றும் தெரியவில்லை.

"அண்டைக்குப் பின்னேரம் முகாமுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கினது" என்றார் அவர். "உயிரோட இருக்கிற பொடியன்ர பேரைச் சவக்காலையில வெட்டிப்போட்டு வந்திருக்கிறன். அதுவும் குண்டு விழுற ஊரில இருக்கிற பொடியன். கொஞ்ச நாளால உங்கட பக்கம் ஷெல் அடியெண்டு றேடியோவில சொன்னாங்கள். நான் அண்டைக்குச் சாப்பிடேல்ல. உமக்கு ஒண்டு நடந்தால் அது நான் செய்ததுதானே? அக்காவுக்கு எப்பிடிச் சொல்லுறது? இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு போட்டுது."

நான் வளர்ந்த காலம் முழுவதும் என் கண் முன்னால் தலைகீழாகப் புரண்டது. என்னைக் கொழும்புக்கு எடுப்பித்து, அலைந்து திரிந்து, கனடாவுக்கு அனுப்பி வைத்தவர் இவர்தான். நான் கார் ஓடப் பழகியபோது ஜேர்மனியிலிருந்து அழைத்து, சீற் பெல்ற் போட்டிருக்கிறீரா என்று கேட்டவர். முதல் பனியில் வழுக்கிக் கையை முறித்த அன்று, அடுத்த விமானத்தில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர். நான் ஏணியில் ஏறினால் கீழே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இறங்கும்வரை விட மாட்டார். இதற்கெல்லாம் என்னுடைய கவர்ச்சிதான் காரணம் என்று நான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.

"ஒவ்வொரு ஞாயிறும் போவன்" என்றார். "பழஞ்சாமான் சந்தைக்குப் போறன் எண்டு அக்காவுக்குச் சொல்லுவன். பூக்கண்டுக்குத் தண்ணி விட்டுப்போட்டு, ‘உன்ர மாமன் நல்லா இருக்கோணுமடா, பாத்துக்கொள்’ எண்டு சொல்லிப்போட்டு வருவன். இவ்வளவு நாளும் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு வந்தன். இனி ஏலாதாம். பிள்ளையளின்ர அந்தத் துண்டை முழுக்க மூடப்போறாங்கள், இலை கொட்டுற காலத்தில. அண்டைக்கு அதில ஒருத்தர் நிக்க வேணாமே? அக்கா போகாதேங்கோ எண்டுறா. நான் என்ன செய்ய?"

காரில் வரும்போது அக்காவுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்குக் கேட்டார். கொடுத்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன் என்பதுதான் வேடிக்கை. காப்பாற்றிய விதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. வீட்டில் அக்கா சோறு போட்டுவிட்டு, "என்ன, உங்கட ஜேர்மன் ஊர் பிடிச்சுதாமோ?" என்று கேட்டாள். நான் தட்டைப் பார்த்தேன். மருமகள், "மாமா, வாத்து துரத்தினதா?" என்றாள். அதற்கும் நான் தட்டைப் பார்த்தேன். செத்த வீட்டிலும் வாயை மூடாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "இவன் ஏன் பேசாமல் இருக்கிறான்? ஆர் செத்தது?"

சும்மா வாயில் வந்த கேள்விதான். ஆனால் அத்தான் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"இஞ்சாரும். எங்கட மூத்தவனுக்கு அங்கை ஒரு கல் இருக்கு."

"வாஸ்?" என்றாள் மருமகள். திடுக்கிட்டால் அவளுக்கு வருவது ஜேர்மன்தான். அதற்குப் பிறகு அத்தான் எல்லாவற்றையும் சொன்னார், என்னிடம் சொன்ன அதே ஒழுங்கில். அக்கா நின்றபடியே கேட்டாள். கல் என்ற ஒன்று இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்கவில்லை. ஊரிலே செய்கிற மாதிரி மண்ணோடு மண்ணாகப் போயிற்று என்றே இருந்திருக்கிறாள். முழுவதையும் கேட்டுவிட்டு, மெல்லிய குரலில், "கல்லில என்ன பேர் கிடக்கு?" என்றாள். அந்த ஒன்றைத்தான் அத்தான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"உயிரோட இருக்கிறவன்ர பேரையே! விசரோ உங்களுக்கு?" என்று கத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் உப்பும் செத்தல் மிளகாயும். என்னைக் கதிரையோடு கிழக்கே திருப்பி, தலையைச் சுற்றி, என்னைத் துப்பச் சொல்லி, எல்லாவற்றையும் அடுப்பில் காய்ந்த தாச்சியில் கொட்டினாள். யூனியன்வில் வீடுகள் மிளகாய்ப் புகைக்குக் கட்டப்பட்டவை அல்ல. புகை அலாரம் வீடு இடிகிற மாதிரிக் கத்தத் தொடங்கியது. மருமகள் கண்ணீரும் இருமலுமாகத் துவாயை எடுத்து அதற்கு விசிறினாள். எது புகைக் கண்ணீர், எது அண்ணனுக்கு வந்த கண்ணீர் என்று பிரிக்க முடியாது. அந்தச் சத்தத்துக்குள்ளே அக்கா என் தோளைப் பிடித்து, "எனக்கும் ஒரு ரிக்கற் போடு, அவரோட" என்றாள்.

"நீர் எப்பிடி வாறது? பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்ல" என்றார் அத்தான்.

"நான் சுடலைக்கு வரேல்ல. பிள்ளையைப் பாக்க வாறன்."

அத்தான் இப்போது இங்கேதான், அக்காவோடு இருக்கிறார். பல்லுக்கும் இங்கேயே ஒரு வைத்தியரைப் பிடித்துவிட்டார். லண்டன் மாமி அந்தத் தலைமயிர்க்காரியைப் பற்றிப் பிறகு பேசவில்லை. நான் வாங்குகளில் பெயர் போடுவதைக் குறைத்துக்கொண்டேன். வியாபாரம் குறையவில்லை என்பதில் கொஞ்சம் மனவருத்தம்.

அத்தானின் பயணத்தைத் தள்ளிப்போட்டு, அந்த இலையுதிர் காலத்தில் இருவரும் சேர்ந்து போனார்கள். கல்லைத் தூக்குகிற நாளுக்கு முதல் நாள் அத்தான் என்னை வீடியோவில் அழைத்தார். இங்கே காலை, நான் ரூஜ் பக்கம் ஒரு வீட்டு வாசலில், வாங்க வருகிறவர்களுக்காகக் காத்து நின்றேன். திரையில் ஈரமான புல், மஞ்சள் இலைகள், ஒரு தலையணை அளவுக் கல். என் பெயர் அந்நிய எழுத்தில் நல்ல வடிவாக வெட்டியிருந்தது. இத்தனை காலமாகத் துடைத்துத் துடைத்து அது பளபளத்தது. அக்கா கம்பளிக் கோட்டோடு நிலத்தில் இருந்தாள். கல்லில் உள்ளங்கையை வைத்திருந்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு குனிந்து, "குகன்" என்று கூப்பிட்டாள்.

"ஓம் அக்கா" என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"உன்னை இல்லையடா" என்றாள்.